பாறைக்குள் ஒளிந்த முற்றங்கள்

தாய்லாந்தின் பாங்-ஙா விரிகுடாவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர், கடலில் ஆணி அடித்தாற்போல் நிற்கும் சுமார் 20 மீட்டர் உயரத் தாப்பு பாறையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்; அந்த நெரிசலில் எனக்குப் பெரிய ஈர்ப்பில்லை. பார்க்க வேண்டியவை சுண்ணாம்புக்கல் தீவுகளின் வயிற்றுக்குள் இருக்கின்றன. மழைநீர் மேலிருந்து கரைத்தும் கடல் கீழிருந்து அரித்தும் உண்டான குகைகளின் கூரை இடிந்து விழ, நாற்புறமும் செங்குத்தான பாறைச் சுவரும் மேலே திறந்த வானமுமாக எஞ்சிய நீர்முற்றங்களை அங்கே ‘ஹாங்’ என்கிறார்கள்.

பனாக் தீவில் அப்படியொன்றுக்குள் நுழைய ஓதம் சரியான அளவில் இருக்க வேண்டும்: நீர் ஏறினால் வாயில் மூழ்கிவிடும், வற்றினால் படகு சேற்றில் தட்டும். காற்றடைத்த சிறு துடுப்புப் படகில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு ஒரு சாண் மேலே சிப்பி ஒட்டிய பாறை நகர்வதைப் பார்த்தபடியே இருட்டைக் கடந்தோம். (வௌவால் எச்சத்தின் நெடியை எந்த விளம்பரத்திலும் சொல்வதில்லை.) உள்ளே அலையாத்தி வேர்களின் மீது சேற்றில் துள்ளும் மீன்கள் சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தன.

செல்ல விரும்புவோர், அன்றைய ஓத நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே படகை அமர்த்திக்கொள்ளுங்கள்.