பிள்ளைகளோடு மலை ஏறுகிறோம்: ஒரு மதுரை நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

நேற்று ராத்திரி ஒரு முடிவு எடுத்தோம். வெயில் ஏறுவதற்குள், தையும் மாசியும் கையில் இருக்கும்போதே, மதுரைக்குப் பக்கத்தில் உள்ள மலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. கொடைக்கானலுக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டார்கள். ஆனால் ஒத்தக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணில் படும் யானைமலையின் பெயர் சின்னவனுக்குத் தெரியவில்லை. "அந்தப் பெரிய கல்லு" என்றான். படுத்த யானை போல நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது, பெயரைக்கூடச் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்றைக்கு மலை இல்லை. யார் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று பார்க்க வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனோம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். பக்கத்துக்குச் சுமார் 300 மீட்டர், ஒரு சுற்று வந்தால் 1,200 மீட்டர் கணக்கு. சமதளம். என் அத்தைக்கு, அதாவது பிள்ளைகளின் அப்பத்தாவுக்கு, முட்டிவலி உண்டு. ஒரு சுற்றை இரண்டு இடத்தில் உட்கார்ந்து முடித்தார். சின்னவன் இரண்டாவது சுற்றின் பாதியில் "தூக்கு" என்று கையை நீட்டினான். சரி, சமதளத்தில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான் அவன் அளவு. மலை என்றால் அதில் பாதி. இனி எல்லாத் திட்டமும் அந்தக் கணக்கில்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

சமணர்மலை. முதல் மலைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடி. ஊரில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆறே முக்காலுக்கு அங்கே இருந்தோம். மலையடியில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். அத்தை ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கீழேயே இருக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு இடம் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மேலே ஏற முடியாதவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அது குடும்பமாகப் போனதாகவே ஆகாது.

பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. கம்பி சின்னவனுக்குத் தலை உயரத்தில் வருகிறது, அதனால் அவன் என் சுண்டுவிரலையே பிடித்துக்கொண்டு வந்தான். நடுவில் எத்தனை முறை நின்றோம் என்று எண்ணவில்லை. எறும்பு வரிசைக்கு ஒரு முறை, ஓணானுக்கு ஒரு முறை, கீழே அப்பத்தா தெரிகிறாரா என்று பார்க்கப் பல முறை. பெரியவர்கள் கால் மணி நேரத்தில் ஏறிவிடும் இடத்துக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

பேச்சிப்பள்ளம் வந்தது. சுனையில் தண்ணீர் இருந்தது. அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. ஒவ்வொரு சிற்பமும் யார் கொடையில் செய்தது என்று அந்த எழுத்துகள் சொல்கின்றன. பெரியவள் விரலால் தொடாமல் காற்றிலேயே எழுத்துகளை வரைந்து பார்த்தாள். தலைக்கு மேல் ஐந்து தலை நாகத்தோடு நிற்பவர் பார்சுவநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர் என்று சொன்னேன். "பாம்பு குடை பிடிக்குது" என்றான் சின்னவன். அவ்வளவு போதும், அவன் வயதுக்கு அதுதான் வரலாறு.

அதற்கு மேலும் வழி போகிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தில் அரசி பெயரில் எழுந்த மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மேலே இருக்கிறது. இன்னும் உயரத்தில் கன்னட எழுத்து பொறித்த ஒரு இடம். அங்கே போகவில்லை. பாறை வழுவழுப்பாக இருந்தது, மணி எட்டரை ஆகிவிட்டது, சின்னவனும் களைத்துவிட்டான். என் வீட்டுக்காரர் தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம், எல்லாரும் வரும் நாளில் பார்ப்போம் என்றேன். ஏறும்போது எத்தனை தூரம் போனாலும் இறங்கத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பிள்ளைகள் இறங்கும்போதுதான் வழுக்குகிறார்கள். செங்குத்தான நாலைந்து படிகளை உட்கார்ந்தே இறங்கச் சொன்னேன். கால்சட்டை போனது, முட்டி தப்பித்தது.

கழிப்பறை எங்கள் கண்ணில் படவில்லை. சாலையில் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் நாலு பேருக்கு நாலு லிட்டர் எடுத்துப் போனோம், தீர்ந்துவிட்டது. கீழே வந்து ஆலமரத்தடியில் புளிச்சோறும் உருளைக்கிழங்கும்.

ஒரு வருத்தம். ஆயிரம் வருடக் கல்லின் பக்கத்துப் பாறையில் யாரோ பெயரும் இதயக்குறியும் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உடைந்த பாட்டில் கண்ணாடி. பிள்ளைகளுக்கு மூடிய ஷூ கட்டாயம்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல் அன்று அழகர்கோவிலுக்குப் போனது என் தப்பு. வண்டி நகரவே இல்லை. மலைப்பாதையில் அரை கிலோமீட்டர் நடந்திருப்போம், ஒரு குரங்கு பெரியவள் கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் அழுதுவிட்டாள். திரும்பிவிட்டோம். விசேஷ நாளில் மலை பக்கம் போகக் கூடாது.

ஜனவரி 24, வெள்ளி

நடைப்பயணம் இல்லாவிட்டாலும் இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு நேற்று ரத்து செய்துவிட்டது. 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டிச் சுரங்க நிலத்தை ஏலம் விட்ட செய்தி வந்தது. 2,000 ஹெக்டேருக்கு மேல். அந்த எல்லைக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. இந்த மாதம் 7-ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஊர் ஜனங்கள் அதை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாக மதுரைக்கு வந்ததைப் பார்த்தோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த கிழவிகளைப் பார்த்து அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். அரிட்டாபட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

அழகர்மலை, இரண்டாவது முயற்சி. சாதாரணச் சனிக்கிழமை, காலை ஏழு மணி. எவ்வளவு வித்தியாசம்! பழமுதிர்சோலை வரை சுமார் மூன்று கிலோமீட்டர் மலைச்சாலை, பெரும்பாலும் மர நிழல். தார்ச்சாலைதான், ஆனால் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. தடுக்கி விழ வேர் இல்லை, முள் இல்லை. கால் ஓய்ந்தால் பஸ் ஏறிக்கொள்ளலாம். வளைவில் மட்டும் மலைப்பக்கமாக ஒதுங்கி நடக்க வேண்டும். தின்பண்டம் எதையும் கையில் எடுக்கவில்லை, குரங்குகள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

சுட்ட பழம் கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினோம். ஔவையாருக்கு எத்தனை வயது, அந்தக் கிழவி இவ்வளவு மேடு எப்படி ஏறினாள் என்று பெரியவள் கேட்டாள். "மெதுவாத்தான் ஏறியிருப்பா ஆத்தா" என்றார் அத்தை. அத்தை பஸ்ஸில் மேலே போய் எங்களுக்காகக் காத்திருந்தார். நூபுர கங்கையில் தலையில் தண்ணீர் பட்டதும் சின்னவன் போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும். திரும்பும்போது கீழே அழகர் கோயில் தோசை வாங்கினோம். கெட்டியான, மிளகு போட்ட தோசை. மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கியவர்களுக்கு அது அமிர்தம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அரிட்டாபட்டி.

மேலூர் சாலையில் இருந்து உள்ளே திரும்பியதும் வயல், கண்மாய், அப்புறம் ஏழு குன்றுகள். மதுரையில் இருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 193 ஹெக்டேர். 250 வகைப் பறவைகள், அதில் லகர் வல்லூறும் உண்டு. குன்றுகள்தான் மழைத்தண்ணீரை வாங்கிச் சுனைகளுக்கும் கண்மாய்களுக்கும் விடுகின்றன. அதனால்தான் மலையைத் தொட்டால் வயல் போகும் என்று ஊர்க்காரர்கள் அப்படிக் கொதித்தார்கள். பெரியவளிடம் இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. பாறைச் சரிவில் தண்ணீர் ஓடிய கறுப்புத் தடத்தைக் காட்டினேன், அதன் கீழே கண்மாய், அதன் கீழே நெல். அவளே விரலால் கோடு போட்டுக்கொண்டாள்.

குடைவரைச் சிவன் கோயில் வரை நடப்பது எளிது. வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் கையில் தடியோடு இலகுலீசர், சிவனின் ஒரு வடிவம். தமிழ்நாட்டில் இலகுலீசர் சிற்பம் அபூர்வம். அங்கிருந்து குன்றின் ஓரமாகவே நடந்தால் சமணத் துறவிகளுக்கான கல் படுக்கைகள் உள்ள குகை. தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் சொல்லும் மிகப் பழைய தமிழ் எழுத்துகள் அங்கே உண்டு. ஆனால் முன்பின் போகாதவர் தனியாகத் தேடக் கூடாது, வழி பிரியும் இடங்களில் அடையாளம் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கூடவே வந்தார். "பிள்ளைய வெயில்ல இழுத்துட்டுப் போகாத தாயி, இந்தப் பக்கமா வா" என்று நிழலான தடத்தைக் காட்டினார். காசு கொடுக்கப் போனேன், கோபித்துக்கொண்டார். கடலை மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு தொங்கியது. அதைப் பார்த்ததும் எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினோம். தேனீ கலைந்தால் ஓட இடமில்லை. வல்லூறா என்று உறுதியாகத் தெரியாத ஒரு பறவை குன்றின் உச்சியில் வட்டமிட்டது. அது என்னவென்று தெரியாததே சின்னவனுக்குப் பிடித்திருந்தது, வீடு வரை பேர் வைத்துக்கொண்டே வந்தான்.

பத்து மணிக்குப் பாறை சுட ஆரம்பித்துவிட்டது. ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மறுபடி கீழக்குயில்குடி. இந்த முறை அத்தைக்காகப் போனோம். மலையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் செட்டிப்புடவு என்ற குகை. இங்கே ஏற்றம் கொஞ்சம்தான். அத்தை ஒரு கையில் கம்பு, இன்னொரு கையில் என் தோள் என்று படிக்குப் படி நின்று ஏறினார். இருபது நிமிஷம். வெளியே பெரிய தீர்த்தங்கரர் சிலை. குகைக்கூரையின் வளைவில் ஐந்து சிற்பங்கள், அதில் ஒன்றில் சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானையில் ஒரு வீரன். அத்தை அதையே வெகுநேரம் பார்த்தார். "இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்து நாப்பத்தி மூணு வருஷம். இங்க இப்படி ஒருத்தி இருக்கான்னு யாரும் சொல்லலையே" என்றார். குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் அப்பத்தாவின் மடியில் ஆளுக்கொரு பக்கம்.

அடுத்து மாங்குளம் போக வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆனால் எட்டரைக்கே வெயில் கண்ணைக் கூசுகிறது. கார்த்திகை மழை நின்றதும் போவோம் என்று காலண்டரில் குறித்துவிட்டேன். அதற்குள் சின்னவனுக்கு ஆறு வயது ஆகிவிடும்.