ஒட்டிய உறையைப் பிரித்துவிடாதீர்கள்

கோலாலம்பூர்க் கல்லூரியிலிருந்து அந்த உறை வந்த அன்று நான் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இல்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, வெங்காயம் நறுக்கிய கத்தியால் அம்மா அதைக் கிழித்து, மதிப்பெண் பட்டியலைச் சாமி மேடையில் விபூதி பூசி வைத்திருந்தார். உறையின் வாயில் குத்தியிருந்த முத்திரை பாதி மேலே, பாதி கீழே. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. முத்திரை பிரிந்த பட்டியலை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏற்காது என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மறுபடி ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன்.

ஏடிடிபி (அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம்) படிப்பவர்களுக்கு முறை தெரியும்: முதல் பகுதி இங்கே மலேசியாவில், மீதி அமெரிக்காவில். நான் அங்கே சமயவியலை முதன்மைப் பாடமாக எடுக்க நினைத்தேன். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தன. பாடத்திட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் 'உலகச் சமயங்கள்' பாடத்தில் நான் வாங்கிய 3 கிரெடிட்டை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் பட்டத்துக்குத் தேவையான 120-இல் சேர்த்தார்கள், ஆனால் விருப்பப் பாடமாக மட்டும். முதன்மைப் பாடத்தில் சேர்க்க வேண்டுமானால் வாரவாரியான பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், கட்டுரைத் தலைப்புகள் எல்லாம் வேண்டுமாம். கல்லூரி அலுவலக அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழசையெல்லாம் வைத்திருப்பதில்லை" என்றார். அவ்வளவு தூரம் போனது வீண்.

கடைசியில் அந்தப் பாடத்தை நடத்திய விரிவுரையாளர்தான் தன் மடிக்கணினியில் தேடி எடுத்து அனுப்பினார். இனி இந்தப் படிப்பை எடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் பாடத்திட்டத்தைச் சேமித்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியிலிருந்து நேரே அங்கே அனுப்பச் சொல்லுங்கள். முதன்மைப் பாடத்தில் சேருமா என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். அதைத் தீர்மானிப்பது அந்தப் பாடத்துக்குரிய துறை.

ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரைக்கும் அலைந்தேன். எல்லாச் சமயமும் அன்பையே போதிக்கிறது என்று எழுதிய முதல் பிரதியை விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதில் கேள்வி எங்கே?" அப்புறம் எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகள் காலியாயின. ஆனாலும் எல்லையில் இருக்கும் முனியாண்டிக்குச் சுருட்டு வைக்க டவுனிலிருந்து இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வீட்டை விட்டுப் போனவர்கள் சாமியை ஏன் விடவில்லை? அந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே வேண்டியது.

"சாமியாராப் போகவா இவ்வளவு படிப்பு?" என்று அப்பா கேட்டார். சமயத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லித் தருவது வேறு, சமயத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது வேறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1963-இல் பிரித்துச் சொன்னதை விளக்கினேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை பெருக அதுவும் ஒரு காரணம். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

வியாழக்கிழமை நள்ளிரவில் துறையிலிருந்து பதில் வந்தது. 3 கிரெடிட்டும் முதன்மைப் பாடத்திலேயே சேர்ந்துவிட்டது. விடிகாலையில் வேலைக்குப் போக வேண்டிய அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.