லாரியில் எங்கே இருக்கும்?

அந்த லாரிக் கோதுமையில் சலிப்பு, அதாவது சல்லடையில் கீழே விழும் சின்ன மணி, 3.4 சதவீதம் என்று எழுதியது நான்தான். 3-ஐத் தாண்டினால் முதல் தரம் கிடையாது. விதியை நானா எழுதினேன்? இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று கணக்கில்லை.

தென்னாப்பிரிக்காவில் விண்டர்ட்டன் பக்கத்துப் பாசனக் கோதுமை அது. கொண்டுவந்த விவசாயி சட்டைப் பையிலிருந்து ஒரு கதிரை எடுத்து மேசையில் போட்டார். ஒரே தண்ணீர், ஒரே உரம், அப்புறம் சின்ன மணி எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த, டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெண் என்னைப் பார்த்தாள்.

கதிரைப் பிரித்துக் காட்டினேன். நடுவில் இருக்கும் சிறுகதிர்கள்தான் முதலில் பூக்கும். நுனியும் அடியும் சில நாள் பிந்தும். ஒவ்வொரு சிறுகதிரிலும் அடியிலுள்ள இரண்டு பூக்களின் மணி பெரிசு. மூன்றாவது, நான்காவது சிறுத்துக்கொண்டே போகும். பிந்திய பூவுக்குச் சூலகமே சிறிது, சத்து கொண்டுவரும் குழாய்களும் அதற்கு நேராகப் போவதில்லை. உள்ளங்கையில் கசக்கி ஊதினேன். நடுக்கதிர் மணி தொந்தி வைத்திருந்தது. நுனி மணி சீரகத்தைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். சுருங்கவில்லை, நிறைந்துதான் இருந்தது; ஆனால் 1.8 மில்லிமீட்டர் சல்லடைக்கு அதெல்லாம் தெரியாது.

நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன்.

"கதிர்ல சின்ன மணி எங்க இருக்குன்னு கரெக்டா சொல்றீங்க அங்கிள். லாரியில எங்க இருக்கும்?"

எனக்குத் தெரியும். மேலிருந்து கொட்டும்போது பெரிய மணி ஓரத்துக்கு உருண்டுவிடும். சின்னது இடுக்கில் இறங்கிக் குவியலின் நடுவிலேயே தங்கும். நான் சாம்பிள் குழாயை இறக்கியது நடுவில். மூன்றே குத்து. பின்னால் பதினொரு லாரி நின்றது.

"வரிசை நிக்குதும்மா" என்றேன்.

திரும்ப எடுத்திருந்தால் 2.8 வந்திருக்குமா? 3.6 கூட வந்திருக்கலாம். அந்தக் கதிரே சின்ன மணிக்குச் சாட்சிதானே என்றும் தோன்றுகிறது. ஆனால் ஒரு கதிரை வைத்து ஒரு லாரியைச் சொல்ல முடியாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

இப்போது சாம்பிள் அவள் எடுக்கிறாள். நான்கு மூலை, நடு, ஓரம் என்று ஒவ்வொன்றாகக் குத்துகிறாள். வரிசை வாசலைத் தாண்டுகிறது. போன வாரம் நானே ஜன்னலைத் திறந்து, "சீக்கிரம்மா" என்று கத்தினேன்.