வயிற்றுவலிக்கு ஐந்து பேர்

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி நாட்களில் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கும். பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். விடுமுறை நாளில் வலியே கிடையாது. படிப்பவர்களில் பலர் இந்நேரம் விஷயத்தை ஊகித்திருப்பீர்கள். பள்ளிக்குப் போகப் பயம் என்று நாங்களும் ஊகித்தோம். ஆனால் பையன் மறுபடி முழு நாளும் வகுப்பில் உட்கார அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி பிடித்தது. நடுவில் என்னென்ன நடந்தது என்பதை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் போனது குழந்தை மருத்துவரிடம். "மனசு சம்பந்தப்பட்டதுதானே, அங்கே எதுக்கு?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். வரிசை அதுதான் என்று இன்றும் சொல்வேன். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் உண்டா, காய்ச்சல், வாந்தி வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. உயரமும் எடையும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. சில அடிப்படைப் பரிசோதனைகளும் சரியாக வந்தன. அதன்பிறகு எங்களை விட்டுவிட்டு நேராகப் பையனைப் பார்த்து, "தம்பி, உனக்கு வலி நிஜமாவே இருக்கு. நீ நடிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். பதற்றம் குடலின் அசைவையும் வலியை உணரும் அளவையும் மாற்றும், அது ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்று எங்களுக்கு விளக்கினார். "சாக்கு சொல்றான்" என்ற பேச்சு வீட்டில் அன்றோடு நின்றது.

அவர் சீட்டு எழுதி உளவியலாளரிடம் அனுப்பினார். அங்கிருந்துதான் அலைச்சல். உளவியலாளர் பள்ளியில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார். பள்ளியில் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். மருத்துவர், உளவியலாளர் என்ன சொன்னார் என்பார். ஒவ்வொருவரும் நல்லவர்தான், வேலை தெரிந்தவர்தான். ஆனால் அவர்களுக்குள் பேச்சே இல்லை. எல்லாருக்கும் நடுவில் நானும் என் மனைவியும்தான் தபால்காரர்கள், அதுவும் கடிதத்தில் இருப்பது பாதி புரியாத தபால்காரர்கள்.

உளவியலாளர் ஒரு வினாத்தாள் கொடுத்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்டது, மொத்தம் 25 வாக்கியங்கள். பயம், நடத்தை, கவனம், நண்பர்களோடு பழகுவது, பிறருக்கு உதவுவது ஆகிய ஐந்தையும் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. நோய்க்குப் பெயர் வைப்பதற்கல்ல, எங்கே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு. நாங்கள் நிரப்பியதில் பயமும் கவலையும் ஏகத்துக்கு இருந்தன. வகுப்பு டீச்சர் நிரப்பியதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அமைதியான பிள்ளை, தொல்லை தராதவன்.

டீச்சர் சரியாகக் கவனிக்கவில்லை என்று எனக்குக் கோபம். உளவியலாளர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம், பள்ளியில் அடக்கி வைப்பது வீட்டில் வெளிவரலாம், அந்த வித்தியாசமே ஒரு தகவல் என்றார். சத்தம் போடும் பிள்ளை சீக்கிரம் கண்ணில் படும். வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

திருப்பம் வந்தது பள்ளி ஆலோசகரால். "இனி எல்லாரும் என்கிட்ட பேசட்டும். நீங்க ஓட வேண்டாம்" என்றார். அதற்கு முன் எங்களிடம் ஒரு ஒப்புதல் தாள் வாங்கினார்கள். யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அதில் தனித்தனியாக இருந்தது. பள்ளிக்குத் தேவையானது மட்டும் பள்ளிக்கு. எங்கள் வீட்டுச் சங்கதிகள் உளவியலாளரின் அறையோடு சரி. குழந்தையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்பதையும் முதலிலேயே சொன்னார்கள். பையனிடமும் கேட்டார்கள். "டீச்சர்கிட்ட சொல்லலாம், பசங்ககிட்ட சொல்லக்கூடாது" என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு கூட்டம். மருத்துவர் தொலைபேசியில் சேர்ந்துகொண்டார். அங்கே டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம். அவன் வராத நாட்களில் பெரும்பாலும் முதல் பாடவேளை வாசிப்பு. வந்த நாட்களிலும், சத்தமாக வாசிக்கும் முறை தனக்கு நெருங்கும்போது கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பானாம். டீச்சர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தனியாகப் பார்த்தால் அது பெரிதும் இல்லை.

உளவியலாளர் உடனே, வாசிப்புத் திறனைச் சோதித்துவிடலாம் என்றார். பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்த பிறகு, சிறப்புக் கல்வியாளர் பார்த்தார். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம். புத்திசாலிப் பையன், கேட்டதை வைத்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறான். பாடங்கள் நீளமாக நீளமாக அது கைகொடுக்கவில்லை.

அதன்பின் போட்ட திட்டம் ஒரே பக்கம். வீட்டில் தங்கினால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் இன்னும் பெரிதாகும் என்பதால், படிப்படியாகத் திரும்புவது. முதலில் நூலகத்தில் ஒரு பாடவேளை, பிறகு பிடித்த கணக்கு வகுப்பு, பிறகு அரை நாள். முன்கூட்டிச் சொல்லாமல் அவனை வாசிக்கச் சொல்வதில்லை என்று டீச்சர் ஒப்புக்கொண்டார். வலி வந்தால் பள்ளிச் செவிலியர் அறையில் பத்து நிமிடம் ஓய்வு, பிறகு வகுப்பு. வீட்டுக்கு அழைப்பு கிடையாது. வாசிப்புப் பயிற்சி சிறப்புக் கல்வியாளரிடம்.

மருத்துவரின் பங்குதான் எனக்குக் கசந்தது. காய்ச்சல், வாந்தி போன்றவை இல்லாவிட்டால் விடுப்புச் சான்றிதழ் தரமாட்டேன் என்றார். அழுகிற பிள்ளையைக் கிளப்பிக் கூட்டிப்போன காலைகளில் அவர்மேல் எனக்கு நல்ல எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து பேரில் நாங்கள் யாரிடம் போனாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. அந்த ஒற்றுமை இல்லாமல் இருந்திருந்தால், எந்தக் கதவு இளகும் என்று நானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருப்பேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. நடுவில் மாற்று ஆசிரியர் ஒருவர், விஷயம் தெரியாமல், அவனை எழுந்து வாசிக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் பின்னால் போனோம். அதன்பிறகு ஆலோசகர் அந்த ஒரு பக்கத் திட்டத்தின் சுருக்கத்தை, நோயின் பெயர் எதுவும் போடாமல், அவன் வகுப்புக்கு வரும் எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டுகின்றன. ஆகவே ஆசிரியர்கள் முதலில் பார்ப்பதில் வியப்பில்லை. அவர்கள் பார்த்ததைச் சொல்ல ஒரு இடமும், கேட்க ஒரு ஆளும் வேண்டும்.

இப்போது அடுத்த வகுப்பு. காலையில் வயிற்றுவலி எப்போதாவது வருகிறது, தேர்வு நாட்களில் குறிப்பாக. பள்ளி திறக்கும் முன்பே பழைய டீச்சர், புது டீச்சர், ஆலோசகர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை, பேசியதை மறுநாள் சொன்னார்கள். அடுத்த மறுபார்வை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு.