எத்தனாவது நாள் காய்ச்சல்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வக நுட்புநராக வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிற பெண்களின் இரத்தத்தைத்தான் நான் அதிகம் சோதித்தேன். மலையாளிகளின் எலிப்பனியும் நம்மவர்களின் எலிக்காய்ச்சலும் ஒரே லெப்டோஸ்பைராவின் வேலைதான். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நிற்கும் வெடித்த கால், அந்தக் கிருமிக்குத் திறந்த வாசல்.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் வந்த ஓர் அம்மாவுக்கு, மலேரியாவுக்கான இரத்தப்பூச்சு, டெங்குவுக்கான என்எஸ்1, எலிக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் ஆகிய மூன்றையும் செய்து, மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியும் அளவுக்குச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும்; ஆனால் அதைச் சீட்டில் எழுத வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. நோயே இல்லை என்று வீட்டார் அதைப் படித்துக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்த செவிலியர் அக்கா, பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டார். “வலிக்கலியேம்மா, அதான் சொல்லல” என்றாராம் அந்த அம்மா. அது உண்ணிக்காய்ச்சல். உண்ணி என்றதும் மாட்டின் காதில் தொங்குவதைத் தேடுகிறோம். இதைப் பரப்புவதோ கண்ணுக்கு எளிதில் புலப்படாத, ஆறு காலுள்ள சிலந்திப்பேன் குஞ்சு. அது கடித்துச் செலுத்தும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியா உயிரணுக்களுக்குள் மட்டுமே வாழ்வதால், மலேரியா ஒட்டுண்ணியைப்போல் என் நுண்ணோக்கியில் சிக்காது; சாதாரண வளர்ப்பு ஊடகத்திலும் வளராது. பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை, வந்தாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மறைவிடமாகவே பார்த்து உட்காரும். மருத்துவர் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார். மறுநாள் மாலையே காய்ச்சல் இறங்கியது.

அதன்பிறகு ஊசியைக் கையில் எடுக்குமுன் எத்தனாவது நாள் என்று கேட்டுவிடுகிறேன். சோதனைப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இன்றுவரை இல்லை. வலது மூலையில் சிவப்பு மையால் எழுதிவருகிறேன்.