கயிற்று நுனியும் அப்பாவின் இரைப்பையும்

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று பயாப்ஸி ரிசல்ட் வந்த ராத்திரி தங்கை கேட்டாள், "நமக்கும் வருமாண்ணா?" அவளுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

காசிமேட்டில் நைலான் கயிற்றை வெட்டினால் அப்பா நுனியை அப்படியே விடமாட்டார். தீக்குச்சியில் காட்டி, உருகியதும் கட்டைவிரலில் எச்சில் தொட்டு அமுக்குவார், இல்லையென்றால் பிரி பிரியாகக் கழன்றுவிடும். நம் செல்லில் இருக்கிற 46 குரோமோசோம்களுக்கும் அப்படி நுனிக்காப்பு உண்டு, அதுதான் டெலோமியர். செல் பெருகும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி இரைப்பையில் வருடக்கணக்கில் குடியிருந்தால் புண்ணாவதும் புதுச் செல் முளைப்பதுமாக ஓயவே ஓயாது, நுனியும் சீக்கிரம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உடைந்து, எல்லாம் குழம்பிப்போகும். அப்புறம் பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் டெலோமரேஸ் என்ற நொதியைத் தட்டியெழுப்பி நுனியைத் தாங்களே நீட்டிக்கொண்டு சாகாமல் பெருகுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு கோபம்.

செல்லுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ வேறு மாதிரி. வளையல் போல வட்டம், நுனியே கிடையாது, 16,569 எழுத்து, 37 மரபணு. ஆனால் அந்தக் கிருமியால் வரும் அழற்சி அதையும் விடுவதில்லை. இந்த வளைய டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். நுனித் தேய்மானமோ, இரைப்பைச் செல்லில் நடப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. அதனால் தங்கையிடம் சொன்னேன்: அப்பா இரைப்பையில் தேய்ந்த நுனியும் கெட்டுப்போன வளையமும் அவரோடு சரி, நமக்கு இறங்காது. ஆனால் கிருமி இறங்கும். சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். 1994லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. கிருமி இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, சரி, ஆனால் அப்பாவுக்கு வந்திருக்கும்போது நாம் பார்க்காமல் இருக்கக் கூடாது.

அப்பா ரெண்டு வருடம் "கேஸ்தான்டா" என்று மருந்துக்கடையில் ரோஸ் கலர் டானிக் வாங்கிக் குடித்தார். பசி குறைந்தது, லுங்கி இடுப்பில் நிற்கவில்லை, நாங்களும் வயசு என்று விட்டுவிட்டோம். அப்போதே எண்டோஸ்கோபி எடுத்திருக்க வேண்டும். ரத்தத்தில் டெலோமியர் நீளம் அளந்து தருவதாக விளம்பரங்கள் வருகின்றன, தயவுசெய்து அதில் காசைப் போடாதீர்கள், இரைப்பைச் சுவரில் என்ன நடக்கிறது என்று அது காட்டாது.

நாங்கள் ரெண்டு பேரும் வெறும் வயிற்றோடு போய் மூச்சுப் பரிசோதனைக்குப் பையில் ஊதினோம். அவளுக்குக் கிருமி இல்லை, எனக்கு இருந்தது. 14 நாள் மாத்திரை முடித்தாயிற்று, வாயெல்லாம் கசப்பு. அடுத்த மாதம் மறுபடி போய் ஊத வேண்டும்.