“பால் பத்தல” என்று அழைப்பு வந்தால்

பிரசவமாகி மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான் அழைப்பு வரும். “அக்கா, பால் பத்தல, புள்ள அழுதுகிட்டே இருக்கு.” தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு உதவும் எங்கள் குழுவில் எல்லோரும் பாலூட்டிய அம்மாக்கள்தான், டாக்டரோ நர்ஸோ இல்லை. அதனால் போனிலேயே யோசனை சொல்வதில்லை. பிள்ளை பால் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே வாய் திறப்போம்.

போனில் கேட்பது குழந்தை எத்தனை தடவை சிறுநீர் போகிறது, மலம் என்ன நிறம் என்பதை மட்டும். முதல் நாள் ஒன்றிரண்டு தடவை போனாலே போதும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 தடவையாவது போக வேண்டும். கறுப்பாக இருந்த மலம் மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும். டயப்பர் போட்டால் கணக்கு தப்பும். இரண்டு நாளைக்குத் துணி கட்டச் சொல்கிறோம்.

நேரில் முதலில் பார்ப்பது வாய். காம்பை மட்டும் கவ்வினால் அம்மாவுக்கு வலிக்கும், பிள்ளைக்குப் பாலும் சரியாக வராது. குடித்துவிட்டு விடும்போது காம்பு புது லிப்ஸ்டிக் முனை போலச் சாய்வாக நசுங்கியிருந்தால் காரணம் இதுதான். கடைவாயில் சுண்டுவிரலை விட்டு மெதுவாக எடுத்துவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். பிள்ளையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க, மூக்குக்கு நேராகக் காம்பு. வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுத்து, திறந்ததும் சட்டென்று அணைக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடங்கி, கன்னம் குழி விழாமல் இருந்தால் சரி. முதலில் வேகமாகச் சப்பி, பிறகு நிதானமாக இழுத்து விழுங்கும் சத்தம் கேட்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது சுலபம், தையலில் பாரம் விழாது.

பால் கட்டி மார்பு கல்லாக இருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் விறைத்துவிடும். பிள்ளையால் கவ்வ முடியாது. காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து, நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் அழுத்தினால் அந்த இடம் இளகும். அப்போதும் இறுகியே இருந்தால் கையால் கொஞ்சம் பீய்ச்சலாம்: கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி. நெஞ்சை நோக்கி அழுத்து, விரல்களைச் சேர், விடு. தோலில் இழுத்துத் தேய்த்தால் புண்ணாகும். அழுத்தி மசாஜ் செய்தால் வீக்கம் கூடும். குடித்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் போதும்.

அதற்குள் வீட்டில் பவுடர் பால் வந்திருக்கும். மார்பிலிருந்து பால் வெளியேறினால்தான் அடுத்த பால் சுரக்கும். பாட்டில் ஒரு வேளையை எடுத்துக்கொண்டால் அந்த வேளைச் சுரப்பும் குறையும். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை. எடையைப் பார்த்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்கிறோம், அந்த வேளைகளில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொல்கிறோம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்பவுடருக்கு விளம்பரம் செய்யவோ இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது. எந்தக் கம்பெனியிடமும் குழு நன்கொடை வாங்காது, இதில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பாட்டியைத் தள்ளி வைத்துப் பேசினால் நாம் வாசல் தாண்டியதும் சர்க்கரைத் தண்ணீர் வாய்க்குப் போய்விடும். “அம்மா, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்க உங்களுக்குத்தான் பக்குவம் தெரியும், ராத்திரி நீங்க பார்த்துக்குங்க” என்று கேட்டால் அவரும் நம் பக்கம்.

ஒரு மாதம் தாண்டியதும் இன்னொரு அழைப்பு வரும்: மார்பு தளர்ந்துவிட்டது, சாயங்காலம் ஓயாமல் குடிக்கிறது, பால் வற்றிவிட்டதோ என்று. சுரப்பு பிள்ளையின் தேவைக்குப் பழகும்போது மார்பு இளகுவது இயல்பு. அப்போதும் சிறுநீர்க் கணக்கையும் எடையையும் பார்த்துத்தான் பதில் சொல்கிறோம்.

எழுப்பினாலும் குடிக்காமல் தூங்குகிற பிள்ளை, கை கால் வரை இறங்கிய மஞ்சள் காமாலை, இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாதது, அம்மாவுக்குக் காய்ச்சலோடு மார்பில் சிவந்த கட்டி: இவற்றில் எது இருந்தாலும் நாங்கள் கை வைப்பதில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு. கூட ஒருவர் போகிறோம், பாலை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள.